மேசைமேல் ஒரு கல்வெட்டு

பெங்களூருவில் பழைய விமான நிலையச் சாலையின் இரைச்சலை விட்டுத் தொம்மலூருக்குள் திரும்பி, குறுகிய தெருக்களில் சற்று மேடேறினால் சொக்கநாதசுவாமி கோயில் வரும். மதுரைப் பழக்கத்தில் சிவன் கோயில் என்று நினைத்து உள்ளே போகும் தமிழர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். இங்கே சொக்கர் என்றால் பெருமாள். கல்வெட்டுகளும் அவரைச் சொக்கப்பெருமாள் என்றே சொல்கின்றன. பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலத்துக் கோயில் என்பது வழக்கு. கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. ஊரின் பெயர் அவற்றில் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. போசள மன்னன் வீரராமநாதனின் ஆணை, பிற்காலத்தில் விஜயநகரத்து இரண்டாம் தேவராயர் விட்டுக்கொடுத்த வரி, வீடு, கிணறு, நிலம் என்று பெரிய செய்திகள் அங்கே உண்டு. எனக்குப் பிடித்தது அவற்றுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் ஒரு சின்னச் செய்தி. 1270ஆம் ஆண்டில் அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஊரையோ ஏரியையோ எழுதிவைக்கும் வசதி அழகியாருக்கு இருந்திருக்காது. ஒரு கதவு நிற்பதற்கு இரண்டு கால் தேவைப்பட்டது, கொடுத்தார். எழுநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அவர் பெயரை நாம் படிக்கிறோம்.

நான் சேர்ப்பது இதைவிடச் சின்னப் பொருள்: ஏதாவது ஒரு விழாவை, ஆண்டை, திறப்பை, ஓய்வைக் குறித்துச் செய்யப்பட்ட பழைய கண்ணாடிப் பேப்பர் வெயிட்டுகள். இதற்கு நல்ல தமிழ்ச் சொற்கள் சில உண்டு. எந்த அலுவலகத்திலும் யாரும் அவற்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘அந்தக் குண்டை எடு’ என்பார்கள், அல்லது பேப்பர் வெயிட் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தப் பொருளுக்கு வயது அதிகமில்லை. கண்ணாடி செய்யும் வித்தை பல ஆயிரம் ஆண்டுப் பழையது. ஆனால் கைக்கடக்கமான கெட்டிக் கண்ணாடி உருண்டைக்குள் பூவையோ உருவத்தையோ அடைத்து மேசைமேல் வைக்கும் வழக்கம் 1840களில்தான் பிடித்தது. 1845இல் வியன்னாவில் நடந்த தொழிற் கண்காட்சியில் வெனிஸ் நகரத்துப் பியெத்ரோ பிகாலியா இப்படிப்பட்ட உருண்டைகளை வைத்திருந்தார். பாரிஸ் வணிக சபையின் சார்பில் அங்கே போயிருந்த வேதியியலாளர் யூஜீன் பெலிகோ அவற்றைப் பார்த்து அறிக்கை எழுதினார். பிரான்சில் சான் லூயி, பக்காரா, கிளிஷி ஆகிய மூன்று ஆலைகளும் அதே பொருளில் இறங்கின. சான் லூயி உருண்டைகளில் 1845 என்ற ஆண்டே பொறிக்கப்பட்டவை உண்டு. அடுத்த பதினைந்து ஆண்டுகள்தான் இந்தக் கலையின் பொற்காலம் என்று சேகரிப்பாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 1860 வாக்கில் மோகம் தணிந்துவிட்டது.

ஏன் அந்தப் பதினைந்து ஆண்டுகள் என்பதற்குக் காரணம் கண்ணாடியில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. பிரிட்டனில் 1840இல் ஒரு பென்னி தபால் வந்தது. கடிதம் எழுதுவது நடுத்தர வீடுகளின் அன்றாட வேலையாயிற்று. எழுதுமேசை, மைக்கூடு, முத்திரை அரக்கு, காகிதத்தை அழுத்த ஏதாவது ஒன்று என ஒரு முழுச் சந்தையே உருவாயிற்று. இந்தக் கண்ணாடி உருண்டைகளும் எழுதுபொருள் கடைகளில் விற்றவைதான். பின்னால் வந்த விலையைச் சொன்னால் அந்தக் கடைக்காரர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். 1990இல் நியூயார்க்கில் ஒரு கிளிஷி உருண்டை ஏலத்தில் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் போயிற்று.

செய்முறை எளிது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. பல நிறக் கண்ணாடியை அடுக்கடுக்காகச் சேர்த்து உருக்கிய கட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு எதிரெதிராக நடப்பார்கள். கட்டி இழுபட்டு நீளக் குச்சியாகும். உள்ளே இருந்த பூக்கோலமும் அதே வடிவில் சிறுத்துப்போகும். குச்சியைத் துண்டு துண்டாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு பூ. திருப்பதி நாமக்கட்டியை எங்கே வெட்டினாலும் வெள்ளைதானே, அதைப் போல. இத்தாலியர் இதற்கு ஆயிரம் பூ என்ற பொருளில் மில்லெஃபியோரி என்று பெயர் வைத்தார்கள். துண்டுகளை அச்சில் அடுக்கிச் சூடாக்கி, இரும்புக் கம்பி முனையில் எடுத்த உருகிய கண்ணாடியால் ஒற்றி எடுத்து, மேலே தெளிந்த கண்ணாடியை மூடி, ஈர மரக் குழியில் உருட்டி வடிவாக்குவார்கள். கடைசி வேலைதான் கடினமானது, ஆறவைப்பது. கெட்டிக் கண்ணாடியின் தோல் முதலில் இறுகிவிட, உள்ளே இன்னும் சூடு இருந்தால் இழுவிசை தங்கிப்போகும். அவசரமாக ஆறிய உருண்டை ஒரு மாதம் கழித்துக்கூடத் தானாக வெடிக்கும். ஆகவே உலையின் சூட்டை மிக மெதுவாகக் குறைப்பார்கள்.

நினைவு என்ற வேலை இதற்குள் வந்தது வேறொரு வழியில். வெள்ளைக் களிமண் கலவையில் ஒரு தலையுருவம் வார்த்து, அதைக் கண்ணாடிக்குள் புதைப்பது பிரான்சில் முன்பே தெரிந்த வித்தை. லண்டனில் ஆப்ஸ்லி பெலட் 1819இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உருவத்தின் மேல் படியும் மெல்லிய காற்றுப் படலத்தால் அது வெள்ளியில் செய்ததுபோல் மின்னும். களிமண்ணும் கண்ணாடியும் சூட்டில் விரிவது ஒரே அளவில் இல்லாவிட்டால் விரிசல் விடும், குமிழி வரும். சரியாக வந்தவை நிலைத்தன. விக்டோரியா ராணி, நெப்போலியன், போப் என்று யார் முகத்துக்கு அந்த ஆண்டு மதிப்போ அவர் முகம் உருண்டைக்குள் போயிற்று. நாணயத்தின் வேலையை மேசைப்பொருள் கொஞ்சம் வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த கதை அரசர் முகம் எதுவும் இல்லாத ஓர் உருண்டையைப் பற்றியது. பக்காரா ஊரில் தேவாலயம் கட்டும்போது 1853இல் அடிக்கல்லோடு ஒரு மில்லெஃபியோரி உருண்டையையும் வைத்துப் புதைத்தார்கள். அதில் ஆண்டு உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கோயில் இடிந்தது. 1951இல் இடிபாட்டை அகற்றும்போது உருண்டை கிடைத்தது. பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளை யாரும் பார்க்காத இடத்தில் வைத்திருந்தார்கள், அது தொண்ணூற்றெட்டு ஆண்டு கழித்து வெளியே வந்தது. பக்காரா ஆலை பழைய நுட்பத்தை மீண்டும் கையிலெடுத்ததும் ஐம்பதுகளின் அந்தத் தொடக்க ஆண்டுகளில்தான். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குத் தலையுருவம் பதித்த உருண்டைகள் வந்தன. அதிலிருந்து நினைவு உருண்டைகளின் இரண்டாம் அலை தொடங்கிற்று.

இரண்டாம் அலை மேல் எனக்கு அவ்வளவு பற்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்காட்லாந்தில் 1961இல் தொடங்கிய கெய்த்னஸ், 1968இல் தொடங்கிய பெர்த்ஷயர் போன்ற ஆலைகள் அழகான வேலை செய்தன. கெய்த்னஸில் காலின் டெரிஸ் 1969இல் வடிவமைத்த கோள்களின் வரிசை நவீனக் கண்ணாடியில் ஒரு திருப்பம்தான். ஆனால் இத்தனைதான் செய்வோம், எண் போட்டு, சான்றிதழ் கொடுத்து, பெட்டியில் வைத்து விற்போம் என்ற முறை அங்கே வேரூன்றியது. அரச குடும்பத்துத் திருமணம், வெள்ளி விழா, நிலவில் கால் வைத்தது என எல்லாவற்றுக்கும் உருண்டை வந்தது. அவை பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்படாமலே கைமாறுகின்றன. ஒரு காகிதத்தைக்கூட அழுத்தாத பேப்பர் வெயிட்டைப் பேப்பர் வெயிட் என்று அழைப்பது மரியாதைக்காகத்தான்.

தேதி போட்டிருந்தால் நம்பலாமா என்று புதிதாகச் சேர்ப்பவர்கள் கேட்பார்கள். ஓர் எடுத்துக்காட்டு போதும். 1848 என்று தேதி தாங்கிய ஆங்கில உருண்டைகளும் மைக்கூடுகளும் ஏராளம் இருந்தன. லண்டனின் ஒயிட்ஃப்ரையர்ஸ் ஆலை செய்தவை என்று பல காலம் விற்றார்கள், புத்தகங்களிலும் எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டில் வேறு ஆங்கில ஆலைகளில் செய்யப்பட்டவை அவை என்பது இன்றைய முடிவு. பக்காராவில் 1848 தேதியிட்டவை நிறைய என்பதால் போலிகளுக்கும் அந்த ஆண்டே வசதியாகப் போயிற்று. கல்வெட்டு ஆய்வில் எழுத்தின் வடிவத்தைப் பார்த்துச் சொல்லப்பட்ட ஆண்டைச் சோதிப்பார்கள் அல்லவா, இங்கேயும் அதே வேலைதான்: தேதியைக் கடைசியாகப் படிக்க வேண்டும்.

*

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஐரோப்பிய வீட்டில் கண்ணாடி உருண்டை பெரும்பாலும் அலங்காரம். குளிருக்குச் சன்னல் மூடியிருக்கும் அறையில் காகிதம் எங்கே பறக்கப்போகிறது? இந்தியாவில் அதற்கு உண்மையான வேலை கிடைத்தது. சன்னல் திறந்திருக்கும், தலைக்கு மேலே மின்விசிறி சுழலும், மேசையில் கட்டாத தாள்கள் கிடக்கும். தாலுகா அலுவலகத்தில் மனு எழுதிக்கொண்டு போய் நின்ற யாருக்கும் தெரியும்: எழுத்தர் தலையை நிமிர்த்தாமல் குண்டை ஒரு பக்கம் நகர்த்தி, நம் தாளை அடியில் செருகி, குண்டை மறுபடி வைப்பார். நம் மனு வாங்கப்பட்டதற்கு அதுவே அத்தாட்சி. சிலர் பேசும்போது அதைப் பம்பரம்போல் சுழற்றிக்கொண்டிருப்பார்கள். அது நிற்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும்.

இந்த மேசைகளில் நான் பார்த்தவற்றில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத் வகை. வளையலுக்குப் பெயர்போன அந்த ஊர்க் கண்ணாடிக்காரர்கள் செய்யும் உருண்டையில் ஒரு வண்ணப் பூ இருக்கும், அதன் மேல் கண்ணீர்த் துளிபோல் குமிழிகள் நிற்கும். குமிழி பிழையன்று. மென்மையான கண்ணாடியில் கூர்முனையால் குத்திவிட்டு மேலே இன்னொரு படலம் போட்டால் குழிக்குள் காற்று அடைபட்டு உருண்டுவிடும். குத்தும் ஒழுங்கில்தான் கைத்திறன். ஒரே ஆள் ஒரே நாளில் செய்த இரண்டு குண்டில்கூடக் குமிழிகள் ஒன்றுபோல் இருக்காது. தாஜ்மகாலைச் சுற்றிய காற்று மாசு வழக்கில் 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு அங்கே நிலக்கரி உலைகள் எரிவாயுவுக்கு மாறின. ஆகவே கையில் இருக்கும் குண்டு எந்த எரிபொருளில் பிறந்தது என்று ஊகிப்பது ஒரு விளையாட்டு. நிச்சயமாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். செய்தவர் பெயர் அவற்றில் இருப்பதில்லை. கொடுத்தவர் பெயர் மட்டும் இருக்கும்.

கண்ணாடிக்கு நம் நாட்டில் ஒரு சுதேசிக் கதையும் உண்டு. புனேக்கு அருகே தளேகாவில் 1908இல் தொடங்கிய பைசா நிதிக் கண்ணாடி ஆலை, ஆளுக்கு ஒரு பைசா என்று திரட்டிய பணத்தில் எழுந்தது. திலகரின் ஆதரவு அதற்கு இருந்தது. இன்று காணும் நினைவுக் குண்டுகளுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. இருந்தாலும் ஒரு கண்ணாடி டம்ளர்கூட அரசியலாக இருந்த காலம் ஒன்று உண்டென்பது நினைவில் இருக்கட்டும்.

பெங்களூருவில் நினைவுக் குண்டு தேடுவதற்கு ஒரு தனி நியாயம் இருக்கிறது. இது ஆண்டுவிழாக்களின் ஊர். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு விமான ஆலையைத் தொடங்கினார். 1948இல் தொலைபேசிக்கு ஐடிஐ, 1953இல் இயந்திரக் கருவிகளுக்கு எச்எம்டி, 1954இல் மின்னணுவியலுக்கு பிஇஎல், 1959இல் தேசிய வானூர்தி ஆய்வகம். இருபத்தைந்தைக் கூட்டிப் பாருங்கள்: 1965, 1973, 1978, 1979, 1984. இருபது ஆண்டுக்குள் நகரம் வெள்ளி விழாக்களாகக் கொண்டாடித் தீர்த்திருக்கிறது. விழா என்றால் ஊழியருக்குக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். எவர்சில்வர் டப்பா, சுவர்க் கடிகாரம், பேனா, பையோடு பிளாஸ்கு, இவற்றின் வரிசையில் அதிகாரி மேசைக்குக் கண்ணாடிக் குண்டு.

தொம்மலூர் அந்த நிறுவனங்களின் படுக்கையறை என்று சொன்னால் ஊர்க்காரர்கள் கோபிக்க மாட்டார்கள். ஒரு பக்கம் பாசறை நிலம், இன்னொரு பக்கம் விமான ஆலையும் ஓடுதளமும். வீடுகளில் ஓய்வுபெற்ற இயந்திரப் பணியாளர், வரைபடக்காரர், சேமக்கிடங்கு மேலாளர். தமிழ் இங்கே அந்நியமாக இருந்ததில்லை. அல்சூர், மர்பி டவுன், தொம்மலூர் எல்லாம் தமிழ் காதில் விழும் தெருக்கள். ஊரைச் சுற்றி நினைவுச் சின்னங்களுக்கும் குறைவில்லை. மாருத் போர் விமானத்தை 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறக்கவிட்ட சோதனை விமானி சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரியில் அதே வகை விமானம் விழுந்து இறந்தார். அவர் பெயரில் சாலை இருக்கிறது. ஆட்டோ ஓட்டுநர்கள் நாளுக்கு நூறு தடவை அந்தப் பெயரைச் சொல்கிறார்கள், யார் என்று கேட்டால் தெரியாது. 2008 மே மாதம் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போய்விட்டன. இங்கே சாலை மட்டும் பழைய விமான நிலையச் சாலை என்று பெயர் சுமந்து நிற்கிறது.

குண்டுகள் எப்படி வெளியே வருகின்றன? ஓய்வுபெற்றவர் காலமான பின் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். பிள்ளைகள் வேறு ஊரிலோ நாட்டிலோ. ஒரு சனிக்கிழமை மதியம் குஜரிக்காரர் வருவார். சென்னையில் காயலான் கடை என்று சொல்வதை இங்கே குஜரி என்பார்கள். அடுத்த நாள் காலை அந்தப் பொருள்கள் சிக்கப்பேட்டைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சாக்கு விரிப்பின் மேல் கிடக்கும். கடை திறக்காத பி.வி.கே. அய்யங்கார் சாலைக்கு விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். பத்து மணிக்குப் போனால் சார்ஜர் ஒயரும் ஒற்றைச் செருப்பும்தான் மிஞ்சும்.

அங்கே ஒரு பெரியவரிடம் பித்தளைக் குண்டு இருக்குமா என்று கேட்டேன்.

“பித்தளைன்னா எனக்கு முன்னாடியே எவனாவது எடை போட்டு உருக்க அனுப்பிச்சிருப்பான் சார். கண்ணாடிக்கு யாரு காசு குடுப்பா? அதான் கெடக்குது, பாருங்க” என்றார்.

“அப்ப சும்மா குடுப்பீங்களா, பாய்?”

“நீங்க குனிஞ்சு பாத்துட்டீங்களே, இனி அது எப்படி சும்மா?”

அவர் சொன்ன முதல் வாக்கியத்தில் ஒரு முழு ஆய்வுக் கருத்து இருக்கிறது. பித்தளை, வெண்கலம், வெள்ளியில் செய்த நினைவுப் பொருள்கள் உலோக விலைக்கு உருகிப்போயின. உடைசல் கண்ணாடிக்கு விலை அற்பம் என்பதால் கண்ணாடிக் குண்டை யாரும் உருக்க எடுத்துப்போகவில்லை. மலிவாக இருந்ததே அதற்குக் காப்பு. ஆகவே இன்று நம் கையில் கிடைக்கும் குண்டுகளை வைத்து ‘அந்தக் காலத்தில் கண்ணாடிதான் கொடுத்தார்கள்’ என்று முடிவு கட்டக்கூடாது. மிஞ்சியது வேறு, இருந்தது வேறு. அழகியாரின் கல்வெட்டுக்கும் இது பொருந்தும்: மரத்தாலும் துணியாலும் கொடுத்தவர்கள் அதே கோயிலுக்கு எத்தனை பேரோ.

வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியது கண்ணாடிதானா என்று பார்ப்பது. எழுபதுகளுக்குப் பிறகு வந்த விழாப் பொருள்கள் பல அக்ரிலிக். கன்னத்தில் வைத்தால் கண்ணாடி சில்லிடும், அக்ரிலிக் சில்லிடாது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சமையலறைத் தராசு போதும். குண்டின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீரைத் தராசின்மேல் வைத்து, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, குண்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண், குண்டு விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இதனால் வகுத்தால் அடர்த்தி. 500 கிராம் குண்டுக்குத் தராசு 200 காட்டினால் விடை 2.5, அது சாதாரணச் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி, பிரோசாபாத் வகை. 165 வாக்கில் காட்டினால் விடை 3. அது ஈயம் கலந்த படிகக் கண்ணாடி, பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. 420 காட்டினால் கண்ணாடியே இல்லை. ஒன்றை மறக்கக்கூடாது: அடியில் படம் ஒட்டியிருந்தால் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

படம் ஒட்டியது ஒரு தனி வகை. கண்ணாடிக் கவிகையின் அடியில் அச்சிட்ட படத்தையோ புகைப்படத்தையோ ஒட்டிப் பின்புறம் பூச்சுப் பூசுவது. அமெரிக்காவில் 1880களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். மேலே வளைந்த கண்ணாடி பூதக்கண்ணாடி வேலை செய்வதால் சின்னப் படமும் பெரிதாகத் தெரியும். உள்ளே பூவோ உருவமோ வைப்பதைவிட மிக மலிவு. ஐந்நூறு ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய நிறுவனத்துக்கு இதுதான் வழி. ஆனால் பெங்களூர் மழைக்காலத்து ஈரம் ஓரத்திலிருந்து உள்ளே ஏறி, தொழிற்சாலை முகப்பையும் நிர்வாக இயக்குநரின் முகத்தையும் பழுப்பாக்கிவிடும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

அடிப்பகுதியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேசையைத் தொடும் விளிம்பில் மட்டும், பல திசைகளில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் இருந்தால் அது உழைத்த குண்டு. ஒரே திசையில் கோடுகள் இருந்தால் யாரோ உப்புத்தாள் தேய்த்து வயதேற்றியிருக்கிறார்கள். இன்னொரு எச்சரிக்கை, இதை எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்: கவிகைக் குண்டைச் சன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள். அது வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும், அடியில் இருப்பது காகிதம். என் மேசை விரிப்பில் ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது. அதன் பிறகுதான் குண்டுகளை அலமாரிக்கு மாற்றினேன்.

பிரெஞ்சு உருண்டைகளுக்கு நூலகம் நிறையப் புத்தகம் உண்டு. பால் ஹாலிஸ்டர் 1969இல் எழுதிய கலைக்களஞ்சியம் இன்றும் கையேடு. சிகாகோ கலைக்கூடத்தில் ஆர்தர் ரூப்லாஃப் கொடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருண்டைகள் வரிசையாக இருக்கின்றன. விஸ்கான்சின் மாநிலத்தில் நீனா என்ற சிறு நகரத்தின் பெர்க்ஸ்ட்ரம் மாலர் அருங்காட்சியகம் இதற்கென்றே பெயர்பெற்றது. எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டிக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே பாரிசில் முதிய எழுத்தாளர் கொலெத் தம் தொகுப்பிலிருந்து ஓர் உருண்டையைக் கொடுத்ததால்தான். நம் பொதுத்துறைக் குண்டுகளுக்கான அட்டவணையை நாம்தான் எழுத வேண்டும். அதற்கு அடர்த்தி எண்ணும் கீறல் சோதனையும் போதாது. யாருக்குக் கொடுத்தார்கள், எல்லா ஊழியருக்குமா அதிகாரிகளுக்கு மட்டுமா, எந்த மேசையில் எத்தனை ஆண்டு இருந்தது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கேட்கும் வாய்ப்பு, குஜரிக்காரர் வருவதற்கு முந்தின நாள்வரைதான். சாக்கு விரிப்புக்கு வந்துவிட்ட குண்டு பேசாது. அதனால்தான் இப்போதெல்லாம் சந்தையைவிட அண்டை வீடுகளுக்கு அதிகம் போகிறேன்.

கொடுப்பவர்களும் நிறுத்தி வருகிறார்கள். அறைகளில் குளிர்சாதனம் வந்தது, விசிறி நின்றது. கோப்பு கணினிக்குள் போயிற்று. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் நாட்குறிப்பு, நாட்காட்டி அச்சிடுவதையே நிறுத்தும்படி 2020 செப்டம்பரில் நிதி அமைச்சகம் உத்தரவிட்டது. இன்றைய நினைவுப் பரிசு லேசரால் உள்ளே உருவம் சுட்ட கனசதுரம். பட்டுத் துணி விரித்த பெட்டியில் வருகிறது. அழகுதான். அடியில் விளக்கு வைத்தால் நிறம் மாறும்.

போன ஆடி மாதம் எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் கடைசல் பிரிவில் இருந்தவர், காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு வெள்ளி விழாவில் குண்டு கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போனேன். அந்த அம்மா சமையலறையிலிருந்து அதைக் கொண்டுவந்தார். தட்டையான அடி, அகலமான கவிகை. அடியில் ஒட்டுப்படமாகப் பதித்த எழுத்து பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. பல்சக்கரத்தின் கால்வாசியும் ‘25’இல் ஐந்தும் மட்டும் தெரிந்தன.

“இது எந்த வருஷம் குடுத்தாங்க, அக்கா?”

“பெரியவ பொறந்த வருஷம் தம்பி. அவர் மேசையில வெச்சதே இல்ல. மேசை எங்க இருந்துச்சு அவருக்கு? நிக்கற வேலை.”

நினைத்துப் பார்த்தால் சரிதான். கடைசல் இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்பவருக்குப் பேப்பர் வெயிட் கொடுத்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நம் ஊரில் தட்டை என்பதை இங்கே நிப்பட்டு என்பார்கள். மாவை உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, கனமான ஏதாவது ஒன்றால் ஒரே அழுத்து. அந்த வீட்டில் அந்தக் கனமான ஒன்று இதுதான். எழுத்தைத் தேய்த்தது எண்ணெயும் அரிசிமாவும் சமையல் மேடைக் கல்லும்.

தராசும் நூலும் பையில் இருந்தன. அடியில் இனிக் கெட்டுப்போக ஒன்றும் இல்லை என்று அவரே சொன்னதால் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன்: 2.5. விலைக்குக் கேட்கலாமா என்று மெல்ல இழுத்தேன்.

“நீங்க எடுத்துட்டுப் போயிட்டா நான் கிருஷ்ண ஜெயந்திக்கு எதுல தட்டறது?”

அட்டையில் இப்படி எழுதிக்கொண்டு வந்தேன்: சோடாக் கண்ணாடி, 610 கிராம், ஒட்டுப்படம், ஆண்டு தெரியவில்லை, மூத்த மகள் பிறந்த வருஷம். பயன்பாட்டில் உள்ளது.